மருந்து போட்டு எடுத்த எம்.ஆர்.ஐ. ஸ்கேன்களும் மூளையில் தங்கும் கடோலினியமும்: உங்கள் அனுபவம் என்ன?

கோவைக்காரி:

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், சுருக்கமாக எம்.எஸ்., அதாவது உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூளை, தண்டுவட நரம்புகளின் உறையைத் தாக்கித் தழும்பாக்கும் நோய், எனக்கு 2011ல் ஒரு கண் மங்கியதில் தொடங்கியது. அன்றிலிருந்து மூளைக்கும் கழுத்துத் தண்டுவடத்துக்கும் எம்.ஆர்.ஐ. எடுப்பது வருடம் தவறாத வேலை ஆகிவிட்டது. ஆரம்ப வருடங்களில் எல்லாமே மருந்து போட்டுத்தான், அதாவது படத்தில் தழும்பு பளிச்சென்று தெரிவதற்காக கடோலினியம் என்ற உலோகம் சேர்த்த கான்ட்ராஸ்ட் ஊசி. கையில் வென்ஃபிளான் குத்தியிருப்பார்கள், பாதி ஸ்கேன் முடிந்ததும் படுக்கையை வெளியே இழுத்து ஊசியை ஏற்றிவிட்டு மறுபடி உள்ளே தள்ளுவார்கள். ஏறும்போது முழங்கைக்கு மேலே ஜில்லென்று ஓடும், நாக்கில் லேசாக இரும்பு ருசி, அப்புறம் பழையபடி அந்த டக்டக் சத்தம்.

போன வருட ரிப்போர்ட்டில் புதுத் தழும்பு எதுவும் இல்லை என்று எழுதியிருந்தார்கள், சந்தோஷம். அதற்குக் கீழே இன்னொரு வரி. மருந்து போடுவதற்கு முன் எடுத்த டி1 என்ற வகைப் படத்திலேயே மூளையின் ஆழத்தில் உள்ள டென்டேட் நியூக்ளியஸ், குளோபஸ் பாலிடஸ் என்ற இரண்டு பகுதிகளிலும் வெளிச்சம் கூடுதலாகத் தெரிகிறது, முன்பு பலமுறை கடோலினியம் செலுத்தியது காரணமாக இருக்கலாம் என்று. நரம்பு டாக்டரிடம் காட்டினால் "அது ஒண்ணும் இல்லம்மா" என்று ஃபைலை மூடிவிட்டார். எனக்கு மனசு ஆறவில்லை. ரேடியாலஜி டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று ஸ்கேன் சென்டரிலேயே காத்திருந்தேன். அவர் தங்கமான மனிதர், படத்தைத் திரையில் போட்டே காட்டினார். சிறுமூளைக்குள் இரண்டு பக்கமும் நெளிநெளியாக வெள்ளைத் திட்டு. பக்கத்தில் என் பழைய படத்தை வைத்தார், அதில் அதே இடம் சுற்றியுள்ள மூளையோடு சேர்ந்து சாம்பல் நிறத்தில்தான் இருக்கிறது.

ஜப்பானில் டோமோனோரி காண்டா என்ற ரேடியாலஜி மருத்துவரின் குழுதான் 2014ல் இதை வெளியே கொண்டுவந்ததாம். மருந்து போட்ட தடவைகள் கூடக் கூட அந்த இடங்களின் வெளிச்சமும் கூடுகிறது என்று காட்டினார்கள். அதுவரை இந்த வெள்ளையைப் பார்த்தவர்கள் எம்.எஸ். முற்றியதன் அடையாளம், தலைக்குக் கதிர்வீச்சு கொடுத்ததன் விளைவு என்று வேறு வேறு காரணம் எழுதிக்கொண்டிருந்தார்கள். எங்கள் நோயின் கணக்கில் எழுதப்பட்டது எங்களுக்குப் போட்ட மருந்தாக இருந்திருக்கலாம் என்பதை நினைத்தால் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. 2015ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் குழு, குறைந்தது நான்கு முறை மருந்து போட்டுக்கொண்டு பிற்பாடு இறந்துபோன 13 பேரின் மூளைத் திசுவை, மருந்தே போடாத 10 பேரின் திசுவோடு ஒப்பிட்டுப் பார்த்தது. அந்த 13 பேர் மூளையிலும் கடோலினியம் இருந்தது. பெரும்பகுதி ரத்தக்குழாய்ச் சுவரிலும், கொஞ்சம் சுவரைத் தாண்டித் திசுவுக்குள்ளேயும். சிறுநீரகம் கெட்டவர்களும் இல்லை.

எனக்குக் களைப்பு உண்டு, விரல் மரத்துப்போகும், சில நாள் பேசும்போது வார்த்தை சிக்காது. ஆனால் எம்.எஸ். வந்தவர்கள் எல்லோருமே இதைத்தான் சொல்வார்கள். இதில் எதை எதன் தலையில் கட்டுவது? மருந்துதான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. இப்படி ரிப்போர்ட் வந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா, முன்பு எந்த மருந்து போட்டார்கள் என்று கண்டுபிடிக்க முடிந்ததா? என் பழைய பில்களில் "கான்ட்ராஸ்ட்" என்ற ஒரு சொல்லும் பக்கத்தில் ரூபாயும்தான் இருக்கிறது.

ஸ்கேன் ரூம்:

அக்கா, நான் எம்.ஆர்.ஐ. டெக்னீஷியன், ஊர் வேண்டாம். மருந்தின் பெயர் குப்பியில் இருக்கும், எங்கள் பதிவேட்டில் இருக்கும், நோயாளி கையில் போகும் தாளில் பெரும்பாலும் இருக்காது. அதுதான் நடைமுறை, நல்ல நடைமுறை என்று சொல்ல மாட்டேன்.

கடோலினியம் வெறுமனே உடம்பில் போனால் விஷம். அதன் அயனி அளவில் கால்சியத்துக்குக் கிட்டத்தட்ட சமம், அதனால் கால்சியம் போகிற வழியை எல்லாம் அடைத்துக்கொள்ளும். ஆகவே ஒரு மூலக்கூறுக்குள் பிடித்து வைத்துத்தான் ஊசியாக்குகிறார்கள். அந்தப் பிடி இரண்டு விதம். ஓம்னிஸ்கேன், மேக்னவிஸ்ட் போன்றவை லீனியர், அதாவது நூலைச் சுற்றிக் கட்டினது போல, முடிச்சு அவிழ வாய்ப்பு அதிகம். டோட்டாரெம், கடோவிஸ்ட், ப்ரோஹான்ஸ் இவை மேக்ரோசைக்ளிக், முழு வளையமாக மூடிய கட்டு, சுலபத்தில் விடாது. மேக்ரோசைக்ளிக் போட்டாலும் துளியூண்டு தங்கத்தான் செய்கிறது, ஆனால் லீனியரை விட மிகக் குறைவு. படத்தில் வெளிச்சம் ஏறுவதும் பெரும்பாலும் லீனியர் வாங்கியவர்களிடம்தான். மூளையை விட எலும்பில்தான் அதிகம் தங்குகிறது, அதை யாரும் பேசுவதில்லை, ஏனென்றால் எம்.ஆர்.ஐ. படத்தில் அது கண்ணுக்குத் தெரியாது.

சிறுநீரகம் நன்றாக இருந்தால் போட்டதில் பாதி ஒன்றரை மணி நேரத்தில் ரத்தத்தை விட்டுப் போய்விடும், ஒரு நாளுக்குள் 90 சதவீதத்துக்கு மேல் சிறுநீரில் இறங்கிவிடும். இங்கே பேச்சு அந்த மிச்சத்தைப் பற்றி. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ரிசல்ட் இல்லாமல் ஊசி போட மாட்டோம் என்று சில இடங்களில் நாங்கள் அடம்பிடிப்பது வேறு காரணத்துக்காக. 2006ல் டயாலிசிஸ் நோயாளிகளுக்கு இந்த மருந்துக்குப் பிறகு தோல் மரக்கட்டையாக இறுகும் என்.எஸ்.எஃப். என்ற கொடுமையான நோய் வந்தது தெரியவந்து, மறு வருடமே அமெரிக்காவில் கட்டம் கட்டி எச்சரிக்கை போட்டார்கள். அதற்கும் மூளையில் தங்குவதற்கும் முடிச்சுப் போட வேண்டாம்.

அண்மையில் ஒரு பெரியவர் வந்தார், பென்ஷன்காரர், கையில் துணிப்பை. நான் சிரிஞ்சில் மருந்தை இழுக்கும்போது "தம்பி, அந்தக் குப்பியக் கொஞ்சம் காட்டு" என்றார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு லேபிளை ஒரு எழுத்து விடாமல் படித்தார், எடை எவ்வளவு போட்டாய் என்று கேட்டார். 60 கிலோ என்றேன், 6 எம்.எல். சரி என்று தலையாட்டிவிட்டு, போனில் படம் எடுத்துக்கொண்ட பிறகுதான் கையை நீட்டினார். டியூட்டி டாக்டருக்கு முகம் சுளித்துவிட்டது. எனக்கென்னவோ எல்லோரும் இப்படிக் கேட்டால் எங்கள் வேலை சுத்தமாகும் என்று பட்டது. அளவையும் சொல்லிவிடுகிறேன், கடோவிஸ்ட் என்றால் கிலோவுக்கு 0.1 எம்.எல்., டோட்டாரெம் என்றால் 0.2 எம்.எல். எம்.எல். இரட்டிப்பு என்பதால் பயப்பட வேண்டாம், கரைசலின் அடர்த்தி பாதி, உள்ளே போகும் கடோலினியம் ஒன்றுதான்.

நியூ ஜெர்சி அப்பா:

கோவைச் சகோதரிக்கு, மாற்றுக் கருத்தாக இல்லை, மறுபக்கமாக எழுதுகிறேன். என் மகனுக்கு நாலு வயதில் சிறுமூளையில் கட்டி எடுத்தார்கள். மெதுவாக வளரும் வகை, ஆனாலும் முதலில் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, பிறகு ஆறு மாதத்துக்கு ஒரு தடவை, ஒவ்வொன்றும் மருந்தோடு. 2018 வாக்கில் ஸ்கேனுக்குப் போனபோது ரிசப்ஷனிலேயே ஒரு தாளைக் கொடுத்தார்கள். கடோலினியம் மூளை, எலும்பு, தோலில் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் தங்கலாம், குழந்தைகளும் கர்ப்பிணிகளும் பலமுறை வாங்குபவர்களும் டாக்டரிடம் பேசுங்கள் என்று. படித்ததும் வீட்டுக்காரி அங்கேயே அழுதுவிட்டாள்.

பிறகுதான் தெரிந்தது, 2017 டிசம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. போட்ட உத்தரவுப்படி வந்த தாள் அது. சிறுநீரகம் சரியாக உள்ளவர்களுக்கு இப்படித் தங்குவதால் நேரடிக் கெடுதல் வந்ததாக நிறுவப்படவில்லை, ஆனால் தங்குவது உண்மை, லீனியரில் அதிகம் என்றார்கள், எந்த மருந்தையும் நிறுத்தவில்லை. ஐரோப்பியர்கள் அதே வருடம் அதே ஆதாரங்களை வைத்துக்கொண்டு நரம்பில் ஏற்றும் லீனியர் மருந்துகளில் பெரும்பாலானவற்றை நிறுத்திவிட்டார்கள், ஈரல் ஸ்கேனுக்கு மட்டும் இரண்டை விட்டு வைத்தார்கள். ஒரே ஆதாரத்துக்கு இரண்டு முடிவு. எனக்கு ஐரோப்பா சொன்னதுதான் சரியென்று படுகிறது, அதே வேலையைச் செய்ய வேறு மருந்து இருக்கும்போது எதற்கு வம்பு? நடிகர் சக் நோரிஸ் தம்பதி இது விஷயமாக வழக்குப் போட்டதும் அந்த 2017ல்தான், டிவியில் அதைப் பார்த்துவிட்டு ஊரிலிருந்து என் மாமனார் போன் மேல் போன்.

புற்றுநோய் டாக்டரிடம் நேரடியாகவே கேட்டேன், மருந்து இல்லாமல் எடுக்க முடியாதா என்று. அறுவை செய்த இடத்தில் ஆறிய தழும்பும் திரும்ப முளைக்கும் கட்டியும் வெறும் படத்தில் ஒன்று போலவே தெரியலாம், மருந்தை உறிஞ்சுகிறதா என்று பார்த்தால்தான் பிடிபடும் என்றார். மேக்ரோசைக்ளிக் மட்டும் என்று ஃபைலில் எழுதச் சொன்னேன், எழுதினார். அடுத்த வருடம் ஒரு ஸ்கேனில் மிளகு அளவு முளை ஒன்று தெரிந்தது, மருந்துக்குப் பிந்தைய படத்தில் மட்டும். சீக்கிரம் பார்த்ததால் சின்ன வைத்தியத்தோடு போயிற்று. அந்தத் தாளைப் படித்துவிட்டு ஊசி வேண்டாம் என்று நாங்கள் எழுந்து வந்திருந்தால் என்று யோசிக்கவே மாட்டேன்.

மதுரை மகள்:

அம்மா டயாலிசிஸில் இருக்கிறார். முதுகுத்தண்டில் கிருமித் தொற்றோ என்று சந்தேகம் வந்து மருந்து போட்டுத்தான் பார்க்க வேண்டும் என்றார்கள். என்.எஸ்.எஃப். பற்றி எங்கள் சிறுநீரக டாக்டர்தான் முதலில் சொன்னார், மேக்ரோசைக்ளிக் என்றால் அந்த ஆபத்து மிக மிகக் குறைவு என்றும் சொன்னார். காலையில் ஸ்கேன், முடிந்ததும் நேராக டயாலிசிஸ் என்று நேரம் குறித்துக் கொடுத்தார். ஒன்றும் ஆகவில்லை.

திருச்சி தம்பி:

ஒரு இயற்கை வைத்திய மையத்தில் சிறுநீர் டெஸ்ட் எடுத்து கடோலினியம் இருக்கிறது, உலோக நச்சை இறக்க டிரிப் போட வேண்டும் என்று பேக்கேஜ் சொல்கிறார்கள். நல்ல காசு. போட்டவர்கள் யாராவது?

ஸ்கேன் ரூம்:

தம்பி, போடாதே. மருந்து வாங்கிய யாருக்கும், உடம்பில் ஒரு கோளாறும் இல்லாதவருக்கும்கூட, பிற்பாடு சிறுநீரில் கொஞ்சம் வரத்தான் செய்யும், அதை வைத்து நோய் என்று சொல்ல முடியாது. உலோகத்தைப் பிடித்து வெளியே இழுக்கும் இந்தக் கீலேஷன் டிரிப் மூளையில் தங்கியதை எடுத்து உடம்பைக் குணமாக்கும் என்று நிரூபணம் கிடையாது. துத்தநாகம், கால்சியம் எல்லாவற்றையும் சேர்த்து இழுத்துப் போகும், கால்சியம் சட்டென்று இறங்கி ஆள் செத்ததே உண்டு.

கோவைக்காரி:

எல்லோருக்கும் நன்றி. ஸ்கேன் ரூம் அண்ணா, உங்கள் பதிவை அப்படியே நரம்பு டாக்டரிடம் காட்டாத குறையாகச் சொன்னேன். இந்த முறை ஃபைலை மூடவில்லை. எம்.எஸ்.சுக்கு 2021ல் வந்த சர்வதேசப் பரிந்துரையே வழக்கமான ஸ்கேனில் மருந்தைக் குறைக்கச் சொல்கிறதாம், அதே மெஷினில் அதே முறையில் எடுத்து முந்தைய படத்தோடு ஒப்பிட்டால் புதுத் தழும்பு வந்திருக்கிறதா என்று மருந்தில்லாமலே சொல்லிவிடலாம் என்றார். தழும்பு இப்போது கனன்றுகொண்டிருக்கிறதா என்று தெரிய வேண்டிய நேரத்தில் மட்டும் மருந்து. அடுத்தது மருந்தில்லாத பிளெயின் ஸ்கேன்தான். செலவும் குறைகிறது.

தனிச் செய்தியில் இந்த மருந்தால் பார்க்கின்சன்ஸ் (கை கால் நடுக்க நோய்) வருமா என்று கேட்ட அம்மாவுக்கு: கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் வயதானவர்கள் பதிவுகளை லட்சக்கணக்கில் அலசி 2016ல் ஒரு ஆய்வு வந்திருக்கிறது, மருந்து வாங்கியவர்களுக்கு அப்படிக் கூடுதலாக வரவில்லை. பயந்து தூக்கம் கெடாதீர்கள்.

என் பழைய மருந்தின் பெயர்தான் இன்னும் கிடைக்கவில்லை. முதலில் எடுத்த சென்டரையே மூடிவிட்டார்கள்.

ஸ்கேன் ரூம்:

அக்கா, சிடி வைத்திருக்கிறீர்களா? ஃபிலிம் வேண்டாம், சிடி. அதில் உள்ள டைகாம் கோப்பை, அதாவது ஸ்கேன் படமும் அதன் விவரங்களும் சேர்ந்த கோப்பை, இலவச வியூவர் ஏதாவது ஒன்றில் திறந்து, மருந்துக்குப் பிந்தைய படத்தின் விவரப் பட்டியலைப் பாருங்கள். கான்ட்ராஸ்ட் ஏஜென்ட் என்று ஒரு கட்டம் இருக்கும். டெக்னீஷியன் பொறுப்பானவராக இருந்தால் பெயரும் எம்.எல்.லும் தட்டியிருப்பார்.

கோவைக்காரி:

பார்த்தேன். மூன்று சிடி திறந்தது. ஒன்றில் கட்டம் காலி, ஒன்றில் "ஆம்" என்று மட்டும். 2013 சிடியில் பெயர், அளவு, ஏற்றிய நேரம் எல்லாம் இருக்கிறது. லீனியர்தான். யாரோ ஒரு புண்ணியவான் தட்டியிருக்கிறார், ஃபைலின் முதல் பக்கத்தில் எழுதி ஒட்டிவிட்டேன்.