1812 போர்: லண்டன் சேதி முன்னமே வந்திருந்தால் நின்றிருக்குமா?

கடற்காகம்:
1812 ஜூன் 18 அன்று அமெரிக்க அதிபர் மேடிசன் பிரிட்டன் மீதான போர்ப் பிரகடனத்தில் கையெழுத்திட்டார். இரண்டு நாள் முன்பே, 16ஆம் தேதி, நடுநிலை நாடுகளின் வணிகத்தைக் கட்டுப்படுத்திய பிரிட்டிஷ் அரசின் கவுன்சில் ஆணைகளை நிறுத்திவைக்கப் போவதாக லண்டன் நாடாளுமன்றத்தில் பிரிட்டிஷ் வெளியுறவுச் செயலர் காசல்ரே அறிவித்துவிட்டார்; 23இல் முறைப்படி ரத்து. அட்லாண்டிக் கடந்து சேதி வரப் பல வாரம் ஆகும். வேகமாக வந்திருந்தால் போரே இல்லை என்பது என் வாதம்.

அமெரிக்க வணிகத்தின் கழுத்தை நெரித்தவை அந்த ஆணைகள்தான். நெப்போலியனோடு போரில் இருந்த பிரிட்டன் போட்ட 1807 நவம்பர் ஆணைப்படி, பிரெஞ்சு ஆதிக்கத்திலுள்ள துறைமுகத்துக்குப் போகும் நடுநிலைக் கப்பல் முதலில் பிரிட்டிஷ் துறைமுகத்துக்கு வந்து உரிமம் வாங்கி வரி கட்ட வேண்டும். அப்படிப் பணிந்த கப்பலைப் பிடிப்பேன் என்று டிசம்பரில் நெப்போலியன் மிலான் ஆணை போட்டார். எப்படிப் போனாலும் சரக்கு பறிபோகும்.

வடஎல்லை:
அப்படியானால் அந்த நஷ்டத்தைச் சுமந்த வணிகப் பகுதிகள் ஏன் போரை எதிர்த்தன? ஜூன் 4இல் அமெரிக்கக் கீழவையில் போருக்கு ஆதரவு 79, எதிர்ப்பு 49. நியூயார்க் உறுப்பினர்களில் ஆதரவு 3, எதிர்ப்பு 11. கென்டக்கி, டென்னசி, ஒஹாயோவில் ஒரு எதிர்ப்பு வாக்குகூட இல்லை. 1811 நவம்பர் 7இல் டிப்பகானூவில் பழங்குடிகளோடு சண்டை நடந்த பிறகு, அவர்களுக்குப் பிரிட்டிஷ் கையிலிருந்த கனடாவிலிருந்து ஆயுதம் வருகிறது என்பதுதான் மேற்கின் கொதிப்பு. கடல் உரிமை மேல்பூச்சு. குறி கனடா நிலம்.

மாலுமித்தாள்:
வடஎல்லை, நீங்கள் சொன்ன மூன்று மாநிலங்களையும் கூட்டினால் 9 வாக்கு. பென்சில்வேனியா மட்டும் 16 வாக்கு ஆதரவாகப் போட்டது, எதிர்ப்பு 2. நிலப் பசியை வைத்து அதை விளக்க முடியாது. வணிகர் எதிர்ப்புக்கும் காரணம் உண்டு: சில கப்பல் பிடிபட்டாலும் தப்பிய கப்பலில் லாபம். 1807 இறுதியில் அப்போதைய அதிபர் ஜெஃபர்சன் போட்ட கப்பல் தடையோ எல்லாக் கப்பலையும் கட்டிப்போட்டது, ஏற்றுமதி 10.8 கோடி டாலரிலிருந்து அடுத்த ஆண்டே 2.2 கோடிக்கு விழுந்தது. போர் வந்தால் மறுபடி அதே கதிதான் என்று பயந்தார்கள்.

கடற்காகம், உங்கள் வாதம் ஆகஸ்டில் உடைகிறது. ரத்துச் சேதி வந்ததும் அமெரிக்கத் தளபதி டியர்பார்னும் கனடாவின் பிரிட்டிஷ் ஆளுநர் பிரெவோவும் தற்காலிகச் சண்டை நிறுத்தம் செய்துகொண்டார்கள். மேடிசன் அதை ஏற்கவில்லை. ஆணை ரத்தாகியும் ஆள்பிடிப்பு தீரவில்லையே! அதாவது பிரிட்டிஷ் கடற்படை நடுக்கடலில் அமெரிக்க வணிகக் கப்பலில் ஏறி, பிரிட்டிஷ் குடிமகன் என்று சொல்லி மாலுமிகளை இழுத்துப் போவது. 1812 தொடக்கத்தில் அமெரிக்க வெளியுறவுத் துறை கொடுத்த பட்டியலில் 6,000க்கும் மேற்பட்ட பேர்.

கடற்காகம்:
அதைத் தடுக்க, மாலுமி அமெரிக்கர்தான் என்று காட்டும் பாதுகாப்புச் சான்று 1796 முதல் இருந்ததே?

மாலுமித்தாள்:
இருந்தது, பயன்தான் குறைவு. சுங்க அதிகாரியிடம் 25 சென்ட் கட்டினால் உயரமும் நிறமும் எழுதிய தாள் கிடைக்கும். அந்த விவரம் பலருக்குப் பொருந்தும். கைமாற்றி விற்கவும் செய்தார்கள். அதனால் பிரிட்டிஷ் அதிகாரி மதிக்கவில்லை. அதைவிடப் பெரிய சிக்கல் சட்டத்தில்: பிரிட்டிஷ் மண்ணில் பிறந்தவன் சாகும்வரை மன்னரின் குடி என்பது அவர்கள் நிலை. அமெரிக்கா குடியுரிமை கொடுத்தாலும் செல்லாது.

பிரிட்டன் பக்கமும் உண்மை இருந்தது. அமெரிக்கக் கப்பல்களில் சுமார் 9,000 பிரிட்டிஷ் மாலுமிகள் இருப்பதாக 1807இல் அமெரிக்க நிதிச் செயலர் கல்லட்டினே கணக்கிட்டார். அவர்களை விலக்கினால் அமெரிக்க வணிகமே தள்ளாடும். 1806 டிசம்பர் 31இல் அமெரிக்கத் தூதர்கள் மன்றோவும் பிங்க்னியும் பிரிட்டனோடு கையெழுத்திட்ட உடன்படிக்கையில் ஆள்பிடிப்பை நிறுத்தும் விதி இல்லை என்பதால், ஜெஃபர்சன் அதை செனட்டுக்கே அனுப்பவில்லை.

வடஎல்லை:
அவ்வளவு உயிரான பிரச்சினை என்றால் போரை முடித்த 1814 டிசம்பர் 24 கென்ட் (Ghent) உடன்படிக்கையில் அதைப் பற்றி ஒரு வரிகூட ஏன் இல்லை?

மாலுமித்தாள்:
அந்த ஆண்டு ஏப்ரலில் நெப்போலியன் முடிதுறந்தார். பிரிட்டிஷ் கடற்படை ஆளைக் குறைக்க ஆரம்பித்தது. பிடிக்க வேண்டிய தேவை போய்விட்டது. ஜூன் இறுதியில் மேடிசனின் அமைச்சரவையே ஆள்பிடிப்பை நிறுத்த வேண்டும் என்ற நிபந்தனையைக் கைவிடச் சம்மதித்தது. ஆள்பிடிக்கும் உரிமையை பிரிட்டன் எழுத்தில் விட்டுக்கொடுக்கவே இல்லை. கனடாதான் குறி என்றீர்கள். அதே உடன்படிக்கை எல்லையைப் போருக்கு முன்பிருந்தபடியே விட்டது.