நரம்பு கிடைக்கவில்லையா? ரத்தம் எடுக்கப் பழகுகிறவர்களுக்கு வார்டிலும் லேபிலும் இருப்பவர்கள் சொல்வது

வார்டிலிருந்து:

'நரம்பு கிடைக்கல' என்றுதான் எல்லோரும் சொல்கிறோம். பேச்சுக்குச் சரி. ஆனால் பயிற்சியில் இரண்டையும் பிரித்தே பழக வேண்டும். ஊசி போக வேண்டியது நாளம், அதாவது ரத்தத்தை இதயத்துக்குத் திரும்பக் கொண்டுபோகும் குழாய் (வெயின்). படவே கூடாதது நரம்பு, அதாவது உணர்வைக் கடத்தும் நெர்வ். முழங்கை மடிப்பின் நடுவில் ஓடும் மீடியன் கியூபிட்டல் நாளம்தான் முதல் தேர்வு. பெரியது, ஆழம் குறைவு, அவ்வளவாக நழுவாது. அடுத்தது கட்டைவிரல் பக்கத்து செஃபாலிக். சுண்டுவிரல் பக்கத்து பெசிலிக் எவ்வளவு பளிச்சென்று தெரிந்தாலும் கடைசிதான். பிராக்கியல் தமனியும் (இதயத்திலிருந்து ரத்தம் கொண்டுவரும் குழாய்) மீடியன் நரம்பும் அதற்குப் பக்கத்தில் போகின்றன. 'ஷாக் அடிச்ச மாதிரி விரல் வரைக்கும் சுர்ருனு இழுக்குது' என்று நோயாளி சொன்னால், அதற்குமேல் ஊசியை அசைக்காதீர்கள். டூர்னிக்கெட்டை (நாளம் புடைக்கக் கையில் கட்டும் பட்டை) அவிழ்த்து ஊசியை உடனே வெளியே எடுங்கள்.

கண்ணால் தேடுவதைவிட ஆள்காட்டி விரலால் தேடுங்கள். நாளம் அமுக்கினால் அமுங்கி எழும்பும். தசைநார் கயிறு மாதிரி விறைப்பாக இருக்கும். தமனி துடிக்கும். கட்டைவிரலால் தடவினால் அதன் சொந்தத் துடிப்பே ஏமாற்றிவிடும்.

டூர்னிக்கெட் குத்தும் இடத்துக்கு 3, 4 அங்குலம் மேலே, ஒரு நிமிடத்துக்கு மேல் போகாமல். தேடவே அதற்குமேல் ஆனால் அவிழ்த்துவிட்டு 2 நிமிடம் கழித்துக் கட்டுங்கள். இறுக்கியபடியே விட்டால் நீர் திசுவுக்குள் கசிந்து, புரதம், கொலஸ்ட்ரால் எல்லாம் உண்மைக்கு மேல் காட்டும். கையை மூடி மூடித் திறக்கச் சொன்னால் பொட்டாசியம் ஏறும். ஒருமுறை மூடி வைத்தால் போதும். 70 சதவீத ஸ்பிரிட் 30 விநாடி தானாகக் காயட்டும். ஈரத்தில் குத்தினால் எரியும், ரத்த அணுக்களும் உடையும்.

ஊசியின் வாய் மேல்நோக்கி, 15 முதல் 30 டிகிரி. கீழே தோலைக் கட்டைவிரலால் இழுத்துப் பிடிக்காததால்தான் பாதிப்பேருக்கு நாளம் நழுவுகிறது. ரத்தம் வராவிட்டால் ஊசியைத் துளி உள்ளே தள்ளுங்கள், அல்லது துளி வெளியே இழுங்கள். பக்கவாட்டில் துழாவக் கூடாது. இரண்டு முறை தவறினால் மூத்தவரைக் கூப்பிடுங்கள்.

லேபிலிருந்து:

நன்றாகக் குத்துவது பாதி வேலைதான். நாங்கள் திருப்பி அனுப்பும் சாம்பிள்களில் பல டியூபில் கெட்டவை. டியூபுகளை மூடியின் நிறத்தால் சொல்கிறோம். நிரப்பும் வரிசை: முதலில் பிளட் கல்ச்சர் (ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் பாட்டில்), பிறகு நீலம், சிவப்பு அல்லது மஞ்சள், பச்சை, பர்ப்பிள், கடைசியில் சாம்பல். பர்ப்பிளில் இருப்பது ரத்தம் உறையாமல் தடுக்கும் பொட்டாசியம் ஈ.டி.டி.ஏ. அதன் துளி அடுத்த டியூபுக்குள் போனால் பொட்டாசியம் ஏறும், கால்சியம் இறங்கும். தெம்பாக நடந்து வந்தவருக்குப் பொட்டாசியம் 8 என்று ஆபத்தான அளவில் ரிப்போர்ட் வந்தால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். 'பர்ப்பிளில் கூடிவிட்டது, கொஞ்சம் சிவப்பில் ஊற்றுகிறேன்' என்ற பழக்கம் ஆபத்தானது. அந்த அளவை நம்பி மருந்து கொடுத்துவிடுவார்கள்.

நீல டியூபில் ரத்தம் 9 பங்கு, உறையாமல் தடுக்கும் சிட்ரேட் 1 பங்கு. கோடு வரை நிரம்பாவிட்டால் உறையும் நேரம் பொய்யாக நீளும். பட்டர்ஃப்ளை ஊசியில் (மெல்லிய குழாய் இணைந்த ஊசி) நீலத்தை முதலில் போட்டால் குழாயில் இருக்கும் காற்று இடத்தைப் பிடித்துக்கொள்ளும். முன்னால் ஒரு வீண் டியூப் போடுங்கள். நீலத்தை 3, 4 முறை, பர்ப்பிளையும் பச்சையையும் 8 முதல் 10 முறை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்துங்கள். குலுக்காதீர்கள்.

சிரிஞ்சில் எடுக்கிறவர்கள் பிளஞ்சரை வேகமாக இழுத்தால் நாளம் ஒட்டிக்கொள்ளும், அணுக்கள் உடையும். வேக்குவம் டியூபுக்குள் அழுத்தித் தள்ளவும் கூடாது. தானாக எவ்வளவு இழுக்கிறதோ அவ்வளவுதான். பெயர் ஒட்டுவது ரத்தம் எடுத்த பிறகு, நோயாளி எதிரிலேயே. 'நீங்கதானே முருகன்?' என்றால் காது கேட்காதவரும் தலையாட்டுவார். 'உங்க பேரு என்னங்க?' என்று கேட்டு, அடையாள எண்ணையும் ஒப்பிடுங்கள்.

வார்டிலிருந்து மறுபடியும், விட்டுப்போனவை:

டயாலிசிஸ் ஃபிஸ்துலா (டயாலிசிஸுக்காகத் தமனியையும் நாளத்தையும் இணைத்த இடம்) உள்ள கையைத் தொடவே வேண்டாம். மார்பக அறுவை ஆன பக்கமும், டிரிப் ஓடும் கையும் வேண்டாம். டூர்னிக்கெட்டை அவிழ்த்த பிறகே ஊசியை எடுக்க வேண்டும், மாறினால் ரத்தக்கட்டு. பஞ்சை வைத்துக் கையை மடக்கச் சொல்லும் வழக்கத்தை விடுங்கள். நீட்டியபடி அழுத்தினால்தான் நிற்கும். முகம் வெளுத்து வியர்த்தால் ஊசியை எடுத்துவிட்டுப் படுக்க வையுங்கள்.

ஊசிக்கு மூடி திரும்பப் போடாதீர்கள். ஊசி வெள்ளைப் பெட்டிக்கு, டியூபும் ஊசியில்லாத சிரிஞ்சும் சிவப்புக்கு, ரத்தப் பஞ்சு மஞ்சளுக்கு. கையில் குத்திவிட்டால் பிதுக்க வேண்டாம். சோப்புத் தண்ணீரில் கழுவி உடனே சொல்லுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையை முடிந்தால் 2 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். 72 மணி நேரம் தாண்டினால் பயனில்லை. ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி மூன்று டோஸ்: 0, 1, 6 மாதம். முதல் டோஸையாவது வார்டுக்குள் நுழையும் முன் போட்டுக்கொள்ளுங்கள்.