மகள் வயலின் பெட்டியைத் திறக்கவே மாட்டேன் என்கிறாள், இசை தெரியாத அம்மா என்ன செய்யலாம்?

காவிரிக்கரை அம்மா (திருச்சி):

எல்லோருக்கும் வணக்கம். என் மகளுக்கு 9 வயது, நாலாம் வகுப்பு. போன விஜயதசமிக்கு வயலின் வகுப்பில் சேர்த்தோம். அவளே ஆசைப்பட்டுக் கேட்டுத்தான் சேர்ந்தாள், நாங்கள் யாரும் திணிக்கவில்லை. கர்நாடக சங்கீதம்தான், வாரத்துக்கு இரண்டு வகுப்பு, பக்கத்துத் தெருவிலேயே ஒரு மேடம் சொல்லித் தருகிறார். ஆரம்பத்தில் பெட்டியைக் கட்டிக்கொண்டு தூங்காத குறைதான். இப்போது "கொஞ்ச நேரம் வாசிடா" என்றால் போதும், தண்ணீர் குடிக்கப் போகிறாள், பாத்ரூம் போகிறாள், கால் மரத்துப் போச்சு என்கிறாள், கடைசியில் அழுகையில் போய் நிற்கிறது. சரளிவரிசை, ஜண்டைவரிசை என்று ஆரம்பப் பாடங்கள் எல்லாம் முடித்து இப்போது அலங்காரம் என்ற பாடம் ஓடுகிறது, ஆனால் மேடம் என்னைப் பார்க்கும்போதெல்லாம் "வீட்டில் வாசிக்கிறதே இல்லை போல" என்கிறார்.

எனக்கு இசை சுத்தமாகத் தெரியாது. சினிமாப் பாட்டு கேட்பேன், அவ்வளவுதான். அவள் வாசிப்பது சரியா தப்பா என்று சொல்லத் தெரியாமல் பக்கத்தில் உட்கார்ந்து "இன்னொரு தடவை" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். வீட்டுக்காரர் "பிடிக்கலைன்னா விட்டுடு, ஃபீஸாவது மிச்சம்" என்கிறார். மாமியார், சீரியல் நேரத்தில் இவள் வில்லை எடுத்தால் டிவி சத்தத்தைக் கூட்டி வைக்கிறார். நிறுத்த மனசு வரவில்லை, தினமும் மல்லுக்கட்டவும் தெம்பில்லை. இசை தெரியாத பெற்றோர் வீட்டில் என்னதான் செய்ய முடியும்? அனுபவம் இருப்பவர்கள் சொல்லுங்கள்.

வில்லும் தந்தியும் (கும்பகோணம்):

அம்மா, பிள்ளைகளுக்கு வயலின் சொல்லிக் கொடுக்கிறவன் என்ற முறையில் முதலில் இரண்டு கேள்வி. வயலின் என்ன சைஸ்? வீட்டில் சுருதி சேர்ப்பது யார்?

ஏன் கேட்கிறேன் என்றால், ஒரு குழந்தை வாசிக்க மாட்டேன் என்றதும் எல்லோரும் குழந்தையைத்தான் குடைகிறார்கள், வாத்தியத்தை யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை. வயலினில் கால், அரை, முக்கால், முழு என்று சைஸ் உண்டு. 9 வயதுக்குப் பெரும்பாலும் அரை சைஸ், கை நீளமான பிள்ளை என்றால் முக்கால். வளர்கிற பிள்ளைதானே என்று ஸ்கூல் யூனிஃபார்ம் மாதிரி ஒரு சைஸ் பெரிதாக எடுத்துவிட்டால் இங்கே வேலைக்கு ஆகாது. நாம் தொடங்குவதே மாயாமாளவகௌளை ராகத்தில். அதில் ஸ என்பது விரல் வைக்காத வெறும் தந்தி, ரி அதை ஒட்டியே வந்துவிடும், ஆனால் ரியிலிருந்து க நன்றாகத் தள்ளி இருக்கிறது. அடுத்த விரலை எட்டி வைத்தால்தான் பிடிக்கும். பஞ்சமத் தந்தியில் த, நி இரண்டுக்கும் இதே கதை. பெரிய வயலினில் சின்னக் கைக்கு அந்த இடம் எட்டாது, க இறங்கியேதான் பேசும். தப்பாகக் கேட்கிறது என்று பிள்ளையின் காதுக்கே தெரியும், விரல்தான் போகாது. அப்படி ஒரு பொருளை எடுத்து வாசி வாசி என்றால் யாருக்குத்தான் பாத்ரூம் வராது?

சுருதி விஷயமும் அப்படித்தான். நாலு தந்தி, ஸ-ப-ஸ-ப. அதில் ஒன்று இறங்கிக் கிடந்தாலும் எவ்வளவு ஒழுங்காக வாசித்தாலும் அபஸ்வரம்தான். அந்த வயதுப் பிள்ளையின் விரலுக்கு, தந்தியை முறுக்கும் பிருடையைத் திருகி நிறுத்தும் பலம் கிடையாது. அது உங்கள் வேலை. இசை தெரியவே வேண்டாம், போனில் ட்யூனர் ஆப் ஒன்று போட்டால் எது ஏறியிருக்கிறது, எது இறங்கியிருக்கிறது என்று முள்ளே காட்டிவிடும். எந்தக் கட்டை, அதாவது எந்தச் சுருதி என்று மட்டும் மேடமிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். தந்தி கீழே மாட்டியிருக்கும் இடத்தில் சின்னத் திருகு இருந்தால் முதலில் அதைத் தொடுங்கள், பெரிய பிருடைக்கு அப்புறம் போகலாம். திருகும்போது முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள், அறுந்தால் சுளீரென்று விழும்.

தொப்பி ரவை (கோவை):

என் பையன் மிருதங்கம். நானும் உங்களைப் போல ஞானசூன்யம்தான், ஆனால் வீட்டில் எனக்கென்று ஒரு வேலை இருக்கிறது. மிருதங்கத்தின் தொப்பி என்கிற இடது பக்கம் ரவையைத் தண்ணீரில் குழைத்து அப்பி வைப்பது நான், முடிந்ததும் சுரண்டித் துடைப்பதும் நான். அவன் வந்து உட்கார்ந்தால் வாத்தியம் தயாராக இருக்கும். இதை வேலைக்காரத்தனம் என்று என் தம்பி கிண்டல் செய்கிறான், செய்துவிட்டுப் போகட்டும். பள்ளிக்கூடம் விட்டுக் களைத்து வருகிற பிள்ளைக்கு எடுத்து வை, துடை, சேர் என்று ஏழெட்டு வேலை முன்னால் நின்றால் அதுவே சாக்காகிவிடும்.

உங்களுக்கு நான் சொல்வது, தாளம் போடுங்கள். "இன்னொரு தடவை" என்பதைவிட இது எவ்வளவோ மேல். ஆதி தாளம் பத்து நிமிஷத்தில் வந்துவிடும்: ஒரு தட்டு, சுண்டு விரல், மோதிர விரல், நடு விரல், அப்புறம் தட்டு, திருப்பு, தட்டு, திருப்பு, எட்டு முடிந்தது. சரளிவரிசை முழுக்க இதில்தான். அவளுக்கு இரண்டு கையும் வயலினில் மாட்டிக்கொண்டிருக்கும், தாளம் போடக் கை கிடையாது, அதனால் நீங்கள் போட்டால் நிஜமாகவே உதவி. அலங்காரம் வந்துவிட்டதாகச் சொல்கிறீர்கள், அதில் ஏழு தாளமும் வரும், முதலில் வருகிற துருவ தாளமே 14 எண்ணிக்கை. அதை அவளையே உங்களுக்குச் சொல்லித் தரச் சொல்லிப் பாருங்கள். அம்மா பத்தாவது எண்ணில் தடுமாறுவதைப் பார்க்கிற குஷி இருக்கிறதே, என் வீட்டில் அதற்காகவே ஒரு சுற்று கூட நடக்கிறது. ஜப்பானில் சுஸுகி என்று வயலின் ஆசிரியர் ஒருவர் இருந்தார், அவருடைய முறையில் சின்னப் பிள்ளைகளுக்கு முன்னால் அம்மா அப்பாவையே கொஞ்சம் கற்றுக்கொள்ள வைப்பார்களாம். அந்த அளவுக்கெல்லாம் நமக்கு வேண்டாம், தாளம் போதும்.

நேரம் என்று பார்த்தால், ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் பிழிவதைவிட தினம் பதினைந்து இருபது நிமிஷம் தேவலை. டிபன் சாப்பிட்டதும், ஹோம்வொர்க்குக்கு முன்னால். மாமியார் சீரியலோடு மோதாதீர்கள், ஜெயிக்க முடியாது.

மெட்ரோ வாசி (சென்னை):

நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். ஒரு வருஷம் ஸ-ரி-க-ம மட்டுமே வாசித்தால் எனக்கும் அழுகைதான் வரும். அவளுக்குப் பிடித்த சினிமாப் பாட்டில் நாலு வரி வாசிக்க விடுங்கள். வயலின் வித்வான் குன்னக்குடி வைத்தியநாதன் மேடையிலேயே சினிமாப் பாட்டு வாசித்தவர், அவருக்கென்ன வித்வத் குறைந்தா போனது? அதற்கும் பிள்ளை அசையவில்லை என்றால் நிறுத்திவிடுவதில் தப்பே இல்லை. எல்லாப் பிள்ளைகளும் கச்சேரி செய்யப் பிறக்கவில்லை.

பழைய வீணை (மதுரை):

பிள்ளையாக இருந்தபோது வீணை கற்றுக்கொண்டு எட்டாம் வகுப்போடு விட்டவள் நான். எனக்கு வெறுப்பு வந்தது வீணையால் இல்லை, விருந்தாளிகளால். யார் வீட்டுக்கு வந்தாலும், காபி ஆறுவதற்குள் "மாமாவுக்கு ஒரு பாட்டு வாசிச்சுக் காட்டு" என்று அப்பா ஆரம்பித்துவிடுவார். வந்தவர்கள் பாதியில் ரேஷன் கடை கதை பேசுவார்கள். வாசித்து முடித்ததும் "சித்தப்பா பெண் இதற்குள் வர்ணம் என்ற பாடம் வரைக்கும் வந்துவிட்டாள்" என்று ஒரு குத்தல் வேறு. தயவு செய்து இந்த இரண்டையும் செய்யாதீர்கள் அக்கா. அவள் கேட்டால் ஒழிய யார் முன்னாலும் வாசிக்கச் சொல்லாதீர்கள், கூடப் படிக்கிற பிள்ளை எந்தப் பாடத்தில் இருக்கிறது என்று மேடமிடம் அவள் காதுபட விசாரிக்காதீர்கள்.

இன்னொன்று. "நல்லா வாசிச்சே" என்று சும்மா சொன்னால் பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடும். "நேத்து அந்த இடத்துல நின்னு நின்னு போச்சு, இன்னிக்கு நிக்காம போயிட்டே" என்று கண்ணால் பார்த்ததைச் சொல்லுங்கள். அதற்குச் சங்கீதம் தெரிய வேண்டியதில்லை.

காவிரிக்கரை அம்மா (திருச்சி):

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. கும்பகோணம் சார், நீங்கள் கேட்டதைப் படித்துவிட்டு இப்போதுதான் வயலின் உள்ளே ஒட்டியிருக்கும் சீட்டை டார்ச் அடித்துப் பார்த்தேன். 4/4 என்று போட்டிருக்கிறது. அது நாத்தனார் மகள் காலேஜில் வாசித்தது, சும்மாதானே கிடக்கிறது என்று கொடுத்தார்கள். மேடமிடம் அப்போதே கேட்டோம், "போகப் போகக் கை பழகிவிடும்" என்றார். ஆனால் நீங்கள் சொன்ன அதே க! "க இறங்குது, க இறங்குது" என்றுதான் ஒவ்வொரு வகுப்பிலும் திட்டு. வீட்டில் சுருதி யாரும் சேர்ப்பதில்லை, வகுப்பில் மேடம் சேர்த்துக் கொடுப்பதோடு சரி. இப்போது நான் மேடமிடம் போய் இது பெரிய வயலின் என்று சொன்னால் தப்பாக எடுத்துக்கொள்வாரோ என்று தயக்கம். புதிதாக வாங்க வேண்டுமா, வாடகைக்குக் கிடைக்குமா?

வில்லும் தந்தியும் (கும்பகோணம்):

4/4 என்றால் முழு சைஸ், குழந்தை இத்தனை நாள் தாக்குப்பிடித்ததே பெரிய விஷயம் அம்மா. கால் மரத்துப் போகிறது என்றாளே, அதைச் சாக்கு என்று தள்ளாதீர்கள். நாம் சம்மணம் போட்டு வலது காலைக் கொஞ்சம் முன்னால் நீட்டி, வயலின் தலையை அந்தக் கணுக்காலில் நிறுத்தி வாசிக்கிறோம். வயலின் நீளமாக இருந்தால் காலை அதற்கேற்ப இன்னும் தள்ளி வைக்க வேண்டும், முதுகு வளையும், கொஞ்ச நேரத்தில் கால் செத்துப் போகும்.

மேடமிடம் குறை சொல்வது போல் ஆரம்பிக்க வேண்டாம். "அரை சைஸ் ஒன்று கிடைக்கும் போல இருக்கிறது, அவள் கையில் வைத்து நீங்களே பார்த்துச் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். எந்த ஆசிரியரும் இதற்கு முகம் சுளிக்க மாட்டார். வாங்குவதற்கு முன், வகுப்பில் இதைவிடப் பெரிய பிள்ளைகள் இருக்கிறார்களா என்று பாருங்கள், அவர்கள் வீட்டுப் பரணில் அரை சைஸ் ஒன்று நிச்சயம் தூங்கும். சில வாத்தியக் கடைகளில் வாடகைக்கும் கொடுக்கிறார்கள், பழையதை எடுத்துக்கொண்டு அடுத்த சைஸ் தருகிறவர்களும் உண்டு. முழு வயலினை விற்றுவிடாதீர்கள், உயரம் வந்ததும் அவளுக்கே ஆகும். ஆனால் சும்மா வைக்கிறோம் என்று நாலு தந்தியையும் ஒரேயடியாகத் தளர்த்திவிடாதீர்கள், தந்திகளைத் தாங்குகிற குதிரை சாய்ந்து, உள்ளே நிற்கிற சின்னக் கட்டையும் விழுந்துவிடும், அதை நிறுத்த ரிப்பேர்காரரைத் தேடி அலைய வேண்டும்.

சென்னைத் தம்பி சொன்னதில் பாதி ஒத்துக்கொள்கிறேன். சினிமாப் பாட்டு தாராளமாக வாசிக்கட்டும், தானாகக் காதால் தேடிக் கண்டுபிடிக்கட்டும், அதுவும் நல்ல பயிற்சிதான். ஆனால் அன்றைய பாடத்தை வாசித்து முடித்த பின்னால், அதற்குப் பதிலாக இல்லை. நிறுத்துவதைப் பற்றி இப்போது பேசவே வேண்டாம், கைக்கு அடங்குகிற வயலினில் கொஞ்ச காலம் வாசித்த பிறகும் அழுதால் அப்போது யோசிக்கலாம்.

கேட்க வையுங்கள். லால்குடி உங்களுக்குப் பக்கத்து ஊர். வயலின் மேதை லால்குடி ஜெயராமன் (1930-2013) வாசித்த பதிவுகள் இணையத்தில் நிறைய இருக்கின்றன, சமையல் நடக்கும்போது ஓடட்டும், "கவனி" என்று சொல்லாதீர்கள். ஜனவரி வாக்கில் திருவையாற்றில் தியாகராஜர் ஆராதனை வரும், பஞ்சரத்தினம் என்ற அவருடைய ஐந்து கீர்த்தனைகளைச் சேர்ந்து பாடும் அன்று வரிசையாக வயலின்கள் சேர்ந்து வாசிப்பதை அவள் ஒரு தடவை நேரில் பார்க்கட்டும். திருச்சியிலிருந்து காலையில் கிளம்பினால் போய்விடலாம், டிக்கெட் கிடையாது.

தொப்பி ரவை (கோவை):

ஃபீஸ் பற்றி உங்கள் வீட்டுக்காரர் சொன்னாரே, அதற்கு ஒரு தகவல். அரசு நடத்தும் ஜவகர் சிறுவர் மன்றங்களில் 5 முதல் 16 வயது வரை சேரலாம், செலவு ரொம்பக் குறைவு. வயலின் இருக்கிறதா என்று உங்கள் ஊர் மன்றத்தில் கேட்டுப் பாருங்கள். 12 வயது ஆகிவிட்டால் மாவட்ட அரசு இசைப்பள்ளியும் இருக்கிறது, அங்கே வயலின் மூன்று வருஷப் படிப்பு. இப்போதைக்கு மேடமை மாற்றச் சொல்லவில்லை, தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

காவிரிக்கரை அம்மா (திருச்சி):

மேடமிடம் பேசிவிட்டேன், நீங்கள் சொன்ன மாதிரியே கேட்டேன், சிரித்துக்கொண்டே "கொண்டு வாங்க பார்ப்போம்" என்றார். அவருடைய பழைய மாணவி வீட்டில் அரை சைஸ் இருக்கிறதாம், நாளை எடுத்து வரப் போகிறேன். பல வருஷமாகப் பெட்டியிலேயே இருந்ததாம். வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்? மாமியாரிடம் விஷயத்தைச் சொன்னேன், "அப்ப குழந்தை மேல தப்பில்லையா" என்று மட்டும் கேட்டார், டிவி சத்தம் இன்னும் குறையவில்லை.

வில்லும் தந்தியும் (கும்பகோணம்):

வில்லைத்தான் முதலில் பாருங்கள். திருகினால் முடி விறைக்க வேண்டும், முடியில் பூச்சி அரித்திருந்தால் மாற்ற வேண்டியிருக்கும். முடியை விரலால் தொடாதீர்கள், எண்ணெய் பட்டால் பிடிக்காது. தந்தி எல்லாம் புதிதாகப் போட்டுவிடுங்கள், பழசு துருவேறியிருக்கும். போடும்போது ஒவ்வொன்றாகக் கழற்றி ஒவ்வொன்றாக மாட்ட வேண்டும். பிருடை வழுக்கினால் கொஞ்சம் சாக்பீஸ் தடவலாம், இறுகிப் போயிருந்தால் அடித்துத் திருகாமல் கடையில் கொடுங்கள். வயலின் உடம்பில் ஒட்டு விட்டிருக்கிறதா என்று ஓரம் முழுக்க மெதுவாகத் தட்டிப் பாருங்கள், விட்ட இடத்தில் சத்தம் சடசடக்கும். வில்லின் முடியில் தேய்க்கிற ரோசின் புதிதாக வாங்கினால் மேல் பக்கம் வழவழவென்று இருக்கும், உப்புத்தாளால் லேசாகக் கீறிவிட்டுத் தேய்த்தால்தான் வில்லில் ஏறும், இல்லாவிட்டால் எவ்வளவு இழுத்தாலும் சத்தமே வராது. வாசித்து முடித்ததும் வில்லைத் தளர்த்தி வைப்பதை மட்டும் அவளையே செய்யச் சொல்லுங்கள்.