புதுப்பிப்பு: சுங்கை சிப்புட் (பேராக், மலேசியா) இலவச நடை

"டவுனையும் தோட்டத்தையும் இலவசமா சுத்திக் காட்டினா வருவீங்களா?"ன்னு முன்னாடி கேட்டிருந்தேன் இல்லையா, நடந்துடுச்சு. ஈப்போவுல இருந்தெல்லாம் ஆள் வந்தாங்க.

மலேசிய இந்தியர் காங்கிரஸ் தலைவரா இருந்த துன் சம்பந்தன் 1919ல பிறந்த ஊர்னு சொன்னப்போ தலையாட்டினாங்க. 1948 ஜூன் 16, பக்கத்துத் தோட்டங்கள்ல மூணு வெள்ளைக்காரத் தோட்டத் துரைகளைக் கம்யூனிஸ்டுகள் சுட்டுக் கொன்னதும் மலாயாவுல அவசரகாலம் வந்த கதைக்குத்தான் பசங்க போனை உள்ளே வெச்சாங்க.

ஆனா அசத்தினது பால்வெட்டின பாட்டிதான். செம்பனைக்கு (எண்ணெய்ப் பனை) நடுவுல தப்பிச்ச ஒரு கித்தா (ரப்பர்) மரத்துல, கத்தியைச் சாய்ச்சுப் பட்டையை மெலிசா சீவிக் காட்டினாங்க. "ஆழமா போனா மரம் காயப்படும்யா, தண்டல் (மேற்பார்வையாளர்) ஏசுவாரு."

கட்டணம் கேட்டவங்களுக்கு: அடுத்ததும் இலவசம்தான், ஞாயிறு காலை 7 மணி. சிலிப்பர் வேணாம், செம்பனை மட்டை முள்ளு பொல்லாதது.