ஸ்டீம் டெக்கில் பழைய சான் ஆன்ட்ரியாஸ்: லேப்டாப்பில் ஓடின மாட் இங்க ஏறல, உதவுங்க

தக்கலை_தம்பி

மெஷின்: ஸ்டீம் டெக் (கையில வச்சு ஆடுற கேம் மெஷின்), எல்சிடி மாடல், 256 ஜிபி.
கேம்: ஸ்டீமில் (கேம் விக்கிற ஆன்லைன் கடை) வாங்கின பழைய ஜிடிஏ சான் ஆன்ட்ரியாஸ். 2005ல வந்தது, புதுசாக்கி வந்த டெஃபினிட்டிவ் எடிஷன் இல்ல.

விண்டோஸ் லேப்டாப்பில் 1.0க்கு (முதல் பதிப்பு) டவுன்கிரேடு பண்ணி மாட் (கேமை மாத்துற கூடுதல் கோப்பு) எல்லாம் போட்டாச்சு, அங்க நல்லா ஓடுது. டெக்கில் கேமை முதலில் ஸ்டீம் வழியா இன்ஸ்டால் பண்ணி, லேப்டாப் ஃபோல்டரை பென்டிரைவில் கொண்டுவந்து அதுக்கு மேலயே ஒட்டினேன்.

போட்டிருக்கிற மாட்: ஏஎஸ்ஐ லோடர் (மத்த மாட்டை ஏத்துறது, டிஇன்புட்8.டிஎல்எல் பெயரில்), சைலன்ட்பேட்ச் (பிழை திருத்துறது), வைட்ஸ்கிரீன் ஃபிக்ஸ், ஜிஇன்புட் (கன்ட்ரோலருக்கு), ஸ்கைஜிஎஃப்எக்ஸ் (கிராஃபிக்ஸுக்கு), மாட்லோடர், கிளியோ 4 (ஸ்கிரிப்ட் ஓட்டுறது). லோடர் ஏற்கெனவே இருக்கிறதால கிளியோவோட வர்ற வார்பிஸ் கோப்பு ரெண்டையும் போடல.

பிரச்சினை:
1. ரேடார் வட்டமா இல்ல, முட்டை மாதிரி அகலமா கெடக்கு. ஒரு மாட்டும் ஏறின அடையாளம் இல்ல.
2. கன்ட்ரோலர் பட்டன் படம் வரல. ஸ்டிக்கை ஆட்டினா மவுஸ் நகர்ற மாதிரி இருக்கு.
3. டெக்கிலேயே சில கிளியோ ஸ்கிரிப்டை ஜிப்பில் இருந்து பிரிச்சுப் போட்டேன். அதுவும் வேலை செய்யல.
4. தண்ணியில விழுந்தா நீந்தவே மாட்டேங்கான். தவழுறான்.

குழித்துறையில இருந்து திருவனந்தபுரம் போற ரயில்ல விளையாடத்தான். பேட்டரி கூட்டுறதுக்கு வழி இருந்தா அதையும் சொல்லுங்க.

வடசேரி_வைன்

தம்பி, நாலும் நாலு தனித்தனி காரணம். ஒரே மருந்து தேடாதீங்க. முதல்ல எந்த எக்ஸ்இ (கேமைக் கிளப்புற கோப்பு) ஓடுதுன்னு பாத்திருவோம், மத்ததெல்லாம் பொறவு.

ஸ்டீம் இப்ப கொடுக்கிற கோப்பு பெயரில் ஜிடிஏவுக்கும் எஸ்ஏவுக்கும் நடுவில் ஹைஃபன் இருக்கும். 1.0 கோப்பில் அதே இடத்தில் அண்டர்ஸ்கோர். மேலயே ஒட்டினதால இப்ப ரெண்டும் ஒரே ஃபோல்டரில் இருக்கும். ப்ளே அமுக்கினா ஸ்டீம் ஹைஃபன் கோப்பைத்தான் கிளப்பும், 1.0 சும்மா கெடக்கும். 2014 நவம்பர் அப்டேட்டில் வந்த பதிப்பு அது: 17 பாட்டை எடுத்துட்டாங்க, பழைய சேவும் அதில் செல்லாது. கிளியோ மாதிரி ஏஎஸ்ஐ மாட்டுகளில் பெரும்பாலானவை 1.0க்காக எழுதினவை.

செய்ய வேண்டியது: பவர் பட்டனை அழுத்திப் பிடிச்சு டெஸ்க்டாப் மோடுக்கு போங்க. டால்பினில் (அங்க உள்ள ஃபைல் மேனேஜர்) கேம் ஃபோல்டரைத் திறந்து ஹைஃபன் கோப்பின் பெயருக்குப் பின்னால ஏதாவது சேர்த்து ஒதுக்கி வைங்க. அண்டர்ஸ்கோர் கோப்பை நகல் எடுத்து, நகலுக்கு ஹைஃபன் பெயரைக் கொடுங்க. அசலைத் தொட வேண்டாம். இதுக்குப் பொறவு ஸ்டீமில் "கோப்புகளைச் சரிபார்" அமுக்கினா அது புதுப் பதிப்பை மறுபடி இறக்கி உங்க வேலையைத் தூக்கிரும், அதனால அந்தப் பக்கமே போவாதீங்க.

இன்னொண்ணு. புது எக்ஸ்இ ஒரு தடவை ஓடினதால அது எழுதின செட்டிங்ஸ் கோப்பு (பெயர் அதே ஜிடிஏ, அண்டர்ஸ்கோர், எஸ்ஏ, பின்னொட்டு செட்) இருக்கும். 1.0 அதைப் படிச்சா கருப்புத் திரையில நிக்கலாம், தானா மூடிக்கலாம். அதை அழிச்சிருங்க, கேம் புதுசா எழுதிக்கும். இருக்கிற இடம்: ஹோம் → .லோக்கல் → ஷேர் → ஸ்டீம் → ஸ்டீம்ஆப்ஸ் → காம்பேட்டேட்டா → 12120 → பிஎஃப்எக்ஸ் → டிரைவ்_சி → யூசர்ஸ் → ஸ்டீம்யூசர் → டாக்குமென்ட்ஸ் → சான் ஆன்ட்ரியாஸ் யூசர் ஃபைல்ஸ். .லோக்கல் மறைஞ்ச ஃபோல்டர், கன்ட்ரோல்+எச் போட்டாத்தான் தெரியும். சேவ் கோப்புகளும் இங்கதான், லேப்டாப் சேவையும் இதுக்குள்ள போட்டுக்கலாம். 12120ங்கிறது ஸ்டீமில் இந்த கேமோட எண். ஸ்டீம் அல்லாத கேமா சேர்த்திருந்தா அங்க வேற நீளமான எண் வரும்.

ஆரல்வாய்மொழி_காத்து

வடசேரி அண்ணன் சொன்னதை செஞ்சாலும் உங்க ஒண்ணாம் பிரச்சினை தீராது, கேட்டியளா. அதுக்கு காரணம் லோடராக்கும்.

டெக்கில் ஓடுறது விண்டோஸ் இல்ல, லினக்ஸ். விண்டோஸ் கேமை லினக்ஸில் ஓட்ட நடுவில் புரோட்டான்ங்கிற மென்பொருள் நிக்குது, அதுக்குள்ள இருக்கிறது வைன். டிஇன்புட்8ங்கிற பெயரில் வைன் கிட்ட சொந்தமா ஒரு டிஎல்எல் (கேம் கூப்பிடுற துணைக் கோப்பு) உண்டு. கேம் அந்தப் பெயரைக் கேட்டா ஃபோல்டரில் நீங்க வச்ச கோப்பை விட்டுட்டு வைன் தன்னோடதை எடுத்துக் கொடுத்திரும். விண்டோஸில் கேம் ஃபோல்டருக்குத்தான் முதலிடம், அதனாலதான் லேப்டாப்பில் ஓடிச்சு. லோடர் ஏறலைன்னா சைலன்ட்பேட்ச், வைட்ஸ்கிரீன், ஜிஇன்புட், கிளியோ ஒண்ணுமே ஏறாது. எர்ரரும் வராது, கமுக்கமா இருக்கும்.

வழி ரெண்டு.

முதல் வழி, கேமின் ப்ராப்பர்ட்டீஸ் → ஜெனரல் → லாஞ்ச் ஆப்ஷன்ஸில் இந்த வரி:

வைன்டிஎல்எல்ஓவர்ரைட்ஸ்="டிஇன்புட்8=என்,பி" %கமாண்ட்%

இங்க தமிழில் எழுதியிருக்கேன், அங்க எல்லாம் ஆங்கில எழுத்தில் அடிக்கணும். முதல் சொல் (கடைசிப் பகுதி 'ஓவர்ரைடு'ங்கிறதோட பன்மை) முழுக்க பெரிய எழுத்து, நடுவில் இடைவெளி கிடையாது. மேற்கோள் குறிக்குள்ள எல்லாம் சின்ன எழுத்து, கமாவுக்கு முன்னும் பின்னும் இடைவெளி விடக்கூடாது. சதவீதக் குறிக்கு முன்னால மட்டும் ஒரு இடைவெளி. 'என்' வந்தா ஃபோல்டரில் உள்ளது முதல்ல, 'பி' வந்தா அது இல்லாதப்போ வைனோடது. போனில் இருந்து காப்பி பண்ணினா மேற்கோள் குறி வளைஞ்சு வந்திரும். அப்படி வந்தா வரி செல்லாது.

ரெண்டாவது வழி எனக்கு கூடுதல் பிடிக்கும். நீங்க போடாம விட்ட கிளியோவின் வார்பிஸ்ஃபைல், வார்பிஸ்ஹூக்ட் ரெண்டு டிஎல்எல்லையும் போடுங்க. டிஇன்புட்8ஐ எடுத்திருங்க. முதலாவது லோடர், ரெண்டாவது கேமோட அசல் ஒலிக் கோப்பு பெயர் மாறினது, அதனால முதலாவதை மட்டும் போட்டா கேம் திறக்காது. வார்பிஸ்ஃபைல்ங்கிற பெயரில் வைன் கிட்ட சொந்தக் கோப்பே இல்ல. வேற வழியில்லாம உங்க கோப்பைத்தான் எடுக்கும், லாஞ்ச் ஆப்ஷன் ஒண்ணும் வேண்டாம். ரெண்டு லோடரையும் சேர்த்து வச்சிராதீங்க, ஒண்ணு போதும்.

ஏறிச்சா இல்லியான்னு ஊகிக்க வேண்டாம். லாஞ்ச் ஆப்ஷனில் புரோட்டான்_லாக்=1 (இதுவும் ஆங்கில எழுத்தில், எல்லாம் பெரிய எழுத்து), பொறவு ஒரு இடைவெளி, %கமாண்ட்% போட்டு கேமைத் திறந்து மூடுங்க. ஹோம் ஃபோல்டரில் ஸ்டீம்-12120.லாக் வரும். அதை 'கேட்'ங்கிற டெக்ஸ்ட் எடிட்டரில் திறந்து லோடரின் பெயரைத் தேடுங்க. அந்த வரியின் கடைசியில் 'நேட்டிவ்'ன்னு இருந்தா உங்க கோப்பு, 'பில்டின்'னு இருந்தா வைனோடது. பாத்து முடிச்சதும் அந்த ஆப்ஷனை எடுத்திருங்க, லாக் ஊதிக்கிட்டே போவும்.

தக்கலை_தம்பி

ரொம்ப நன்றி அண்ணே. எக்ஸ்இ பெயர் மாத்தி, வார்பிஸ் வழியில் போனேன். லாக்கில் 'நேட்டிவ்' வந்திருக்கு. ரேடார் வட்டமாச்சு, 1280×800 சரியா நிக்குது. டெக்கில் பிரிச்சுப் போட்ட ஸ்கிரிப்ட் மட்டும் இன்னும் ஓடல, லேப்டாப்பில் இருந்து வந்த ஸ்கிரிப்ட் ஓடுது. பட்டன் படமும் வரல, நீச்சலும் அப்படியேதான் இருக்கு.

வடசேரி_வைன்

கேம் ஃபோல்டரைத் திறந்து, கிளியோன்னு எத்தனை ஃபோல்டர் இருக்குன்னு எண்ணுங்க.

தக்கலை_தம்பி

ரெண்டு! ஒண்ணு முழுக்க பெரிய எழுத்து, ஒண்ணு சின்ன எழுத்து.

வடசேரி_வைன்

அதாக்கும் வெவரம். விண்டோஸுக்கு பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் ஒண்ணு, அதனால ஜிப்பைப் பிரிச்சா பழைய ஃபோல்டருக்குள்ள போய்ச் சேரும். லினக்ஸுக்கு ரெண்டும் வேற பெயர், பக்கத்தில இன்னொண்ணை உண்டாக்கிரும். வைன் விண்டோஸ் மாதிரி நடிக்கணும்னு ரெண்டில் ஏதோ ஒண்ணை மட்டும் கேமுக்குக் காட்டும். மத்ததில் உள்ளது கேமைப் பொறுத்தவரை இல்லாத மாதிரி.

சின்ன எழுத்து ஃபோல்டரில் உள்ளதை எல்லாம் பெரிய எழுத்து ஃபோல்டருக்குள்ள நகர்த்திட்டு காலியானதை அழிங்க. உள்ளே கிளியோ_டெக்ஸ்ட் மாதிரி துணை ஃபோல்டரிலும் இதே இரட்டை இருக்கலாம், திறந்து பாருங்க. மாடல்ஸ், டேட்டா ஃபோல்டரும் அப்படியே. அங்க இரட்டை வந்தா கார் நிறம் மாறாது, ஆயுதம் மாறாது, எதனாலன்னே வெளங்காது.

இனிமே மாட் ஜிப்பை லேப்டாப்பிலேயே பிரிச்சு, சேர்ந்த ஃபோல்டரை மட்டும் டெக்குக்கு கொண்டுவாங்க. இல்லன்னா மாட்லோடர் ஃபோல்டருக்குள்ள ஒவ்வொரு மாட்டுக்கும் தனி ஃபோல்டர். பிடிக்கலைன்னா அந்த ஒரு ஃபோல்டரைத் தூக்கினா போதும், அசல் கோப்பு கெடாது. மாடல், டெக்ஸ்சர் மாத்துற மாட்டுக்கு எப்பவும் இந்த வழிதான் நல்லது.

மெமரி கார்டில் வைக்கிறதா இருந்தா டெக்கின் செட்டிங்ஸிலேயே ஃபார்மட் பண்ணுங்க, அது எக்ஸ்ட்4ஆ ஆக்கும். லேப்டாப்பில் எக்ஸ்ஃபேட்டா ஃபார்மட் பண்ணின கார்டை ஸ்டீம் லைப்ரரியா ஆக்க முயற்சி பண்ண வேண்டாம். புரோட்டானுக்கு வேண்டிய சிம்பாலிக் லிங்க்கை எக்ஸ்ஃபேட் தாங்காது.

குளச்சல்_அலை

ஜிஇன்புட் விஷயம் எளுப்பம். ஸ்டீம் பட்டன் → கன்ட்ரோலர் செட்டிங்ஸில் இப்ப என்ன லேஅவுட் இருக்குன்னு பாருங்க. ஸ்டிக் ஆட்டினா மவுஸ் நகருதுன்னா அது கீபோர்டு-மவுஸ் டெம்ப்ளேட். டெக் அப்ப கன்ட்ரோலராவே காட்சி தராது, ஜிஇன்புட் ஆரைத்தான் தேடும்? டெம்ப்ளேட்டில் 'கேம்பேட்' எடுங்க. எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலர் செருகின மாதிரி கேமுக்குத் தெரியும், பட்டன் படம் தானா வரும். பின்பக்க பட்டனில் கீபோர்டு எழுத்து வச்சிருந்தா அதையும் எடுத்திருங்க, இல்லன்னா ஒரு அமுக்குக்கு ரெண்டு வேலை நடக்கும்.

நீச்சல்: கேமுக்குள்ள டிஸ்ப்ளே செட்டப்பில் ஃப்ரேம் லிமிட்டர் ஆஃபில் இருக்கும். ஆன் பண்ணுங்க. இந்த கேமோட கணக்கு எல்லாம் 30 ஃப்ரேமை ஒட்டி எழுதினது, 60ல ஓட்டினா நீச்சல் தவழும். டெக்கின் மூணுபுள்ளி பட்டன் மெனுவிலும் 30 லிமிட் வைக்கலாம், ஆனா அதில் கை அமுக்குறதுக்கும் திரை அசையுறதுக்கும் இடைவெளி கூடும். கேமோட லிமிட்டரே போதும்ங்கிறது என் அபிப்பிராயம்.

பேட்டரி: அதே மெனுவில் பெர்ஃபார்மன்ஸ் → டிடிபி லிமிட் (சிப் இழுக்கிற மின்சாரத்துக்கு வரம்பு). 3 வாட்டில் இருந்து 15 வரை போவும். இந்த கேமுக்கு 5 வச்சுப் பாருங்க, சிட்டிக்குள்ள தடுமாறினா 6. எல்சிடி மாடல் பேட்டரி 40 வாட்-மணி. பெர்ஃபார்மன்ஸ் ஓவர்லேயில் மொத்த இழுப்பு 9 வாட் காட்டினா 40ஐ 9ஆல வகுங்க, நாலு மணி நேரத்துக்கு மேல. திருவனந்தபுரம் போய்த் திரும்பி வந்தாலும் மிச்சம் இருக்கும். புறப்படும் முன்னால வீட்டு வைஃபையில் கேமை ஒரு தடவை திறந்துட்டு, செட்டிங்ஸ் → இன்டர்நெட்டில் ஆஃப்லைன் மோடு போட்டிருங்க.

சார்ஜர் 45 வாட் பிடி (யுஎஸ்பி பவர் டெலிவரி), அதாவது 15 வோல்ட் 3 ஆம்பியர் தரணும். போனோட வர்ற 67, 80 வாட் சார்ஜரில் பலதும் அவங்கவங்க போனுக்கு மட்டும்தான் அந்த வேகம் கொடுக்கும், டெக்குக்கு ஸ்லோ சார்ஜர்னு எச்சரிக்கை வரும். வாங்கும்போது சார்ஜர் மேல பொடி எழுத்தில் '15வி 3ஏ' இருக்கான்னு பாருங்க.

எங்க பக்கம் மாதிரி கடலோரமா இருந்தா: காத்து உள்ள போறது பின்பக்கம், வெளிய வர்றது மேல்பக்கம். உப்புக் காத்து அடிக்கிற ஜன்னலுக்கு பக்கத்தில விடாதீங்க, மெத்தை மேல வச்சு பின்பக்கத்தை அடைக்காதீங்க.

மார்த்தாண்டம்_ஆலி

இடையில ஒரு வார்த்தை. ஆர்ஓஜி ஆலி (டெக் மாதிரியே இன்னொரு கேம் மெஷின்) வச்சிருக்கவங்களுக்கு இதில பாதி தேவையில்ல. அது விண்டோஸ் 11, லோடர் தானா ஏறும், இரட்டை ஃபோல்டரும் வராது. அங்க கெடுக்கிறது வேற: ஸ்டீம் லைப்ரரி ப்ரோக்ராம் ஃபைல்ஸுக்குள்ள இருந்தா மாட் தன் ஐஎன்ஐயில (செட்டிங்ஸ் கோப்பு) எழுத விண்டோஸ் விடாது. லைப்ரரியை வெளிய வேற ஃபோல்டருக்கு மாத்துங்க.

விண்டோஸ் 11இன் 24எச்2 அப்டேட் போட்டவங்க சைலன்ட்பேட்சின் புதுப் பதிப்பை போட்டே ஆகணும். பழைய பதிப்பில் ஸ்கிம்மர்ங்கிற தண்ணி விமானமே கேமில் காணாம போவும். வெஹிக்கிள்ஸ்.ஐடிஈ கோப்பில் அந்த விமானத்து வரியில சக்கர அளவு விட்டுப்போயிருந்துச்சு. நினைவகத்தில் முந்தின வண்டி விட்டுப்போன எண்ணை எடுத்துக்கிட்டு இத்தனை வருஷம் ஓட்டியிருக்கு, 24எச்2 அந்த இடத்தில வேற குப்பையை எழுதினதும் குட்டு வெளிப்பட்டுச்சு. 2005ல வச்ச ஓட்டை 2025ல ஒழுகுது மக்கா.

தக்கலை_தம்பி

கிளியோ ஃபோல்டரை ஒண்ணாக்கினேன், எல்லா ஸ்கிரிப்டும் ஓடுது. கேம்பேட் டெம்ப்ளேட் மாத்தினதும் பட்டன் படம் வந்திச்சு. ஃப்ரேம் லிமிட்டர் ஆன், நீச்சல் சரி. 5 வாட்டில் லாஸ் சான்டோஸ் நடுவில விக்குது, 6ல் சுத்தம். ஸ்கைஜிஎஃப்எக்ஸ் மட்டும் மழை பெய்யும்போது திரையில துளி விழுறதை காட்டல, இது கோளாறா?

ஆரல்வாய்மொழி_காத்து

கோளாறா செட்டிங்கான்னு முதல்ல பிரிங்க. ஸ்கைஜிஎஃப்எக்ஸின் ஐஎன்ஐயை கேட்டில் திறந்து துளி சம்பந்தமான வரி 0ல இருக்கான்னு பாருங்க, இருந்தா 1 ஆக்குங்க. ஸ்கைஜிஎஃப்எக்ஸுக்கும் ஃபோல்டரில் ரெண்டு ஐஎன்ஐ கெடக்கான்னு பாத்துக்கங்க, அதே பெரிய எழுத்து சின்ன எழுத்து கதை கோப்புக்கும் உண்டு. ஒரு தடவைக்கு ஒரு வரி மட்டும் மாத்தி கேமைத் திறந்து பாருங்க. இல்லன்னா எதனால சரியாச்சுன்னு தெரியாது.