ஃப்ளை ஃபிஷிங்: தமிழில் என்ன சொல்லலாம்?

செ.கு., சியாட்டில்:

குழும நண்பர்களுக்கு வணக்கம். எங்கள் ஊர்ச் சங்க மலருக்கு, இங்கே வாஷிங்டன் மாநிலத்தில் இருக்கும் ஒலிம்பிக் தீபகற்பத்தில் மீன்பிடிப்பது பற்றிப் பயணக் கட்டுரை எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஹோ, சோல் டக், போகச்சியேல், குவீட்ஸ் ஆறுகள், ஃபோர்க்ஸ் ஊரில் தங்குவது, குளிர்காலத்தில் கடலிலிருந்து ஆறேறி வரும் ஸ்டீல்ஹெட் மீன் என எல்லாம் எழுதியாயிற்று. ஃப்ளை ஃபிஷிங்குக்குத் தமிழ்ச் சொல் கிடைக்காமல் தலைப்பில்தான் நிற்கிறேன். மொழிபெயர்ப்புச் செயலி 'ஈ மீன்பிடிப்பு' என்கிறது. ஈயைப் பிடிப்பதா, மீனைப் பிடிப்பதா என்று படிப்பவர் திணறுவார்.

இதை அழகுக்காகக் கேட்கவில்லை. அங்கே தேசியப் பூங்காவுக்குள் ஓடும் ஆறுகளில் பெரும்பாலும் புழு, இறால் போன்ற இரை கூடாது. செயற்கை இரைதான், அதுவும் எதிர்முள் (barb) இல்லாத ஒற்றைக் கொக்கியில். ஆகவே பெய்ட் (புழு போன்ற இரை), லூர் (செயற்கை இரை), ஃப்ளை (கொக்கியில் இறகும் மயிரும் கட்டிப் பூச்சிபோலச் செய்தது) மூன்றுக்கும் தனித்தனிச் சொல் வேண்டும். சொல் பிசகினால் அபராதம் கட்டுவது வாசகர்.

ந.இ., தஞ்சாவூர்:

அன்புள்ள செ.கு., குறுந்தொகை 54ஐப் பாருங்கள். 'கான யானை கைவிடு பசுங்கழை மீனெறி தூண்டிலின் நிவக்கும்.' யானை வளைத்துவிட்டுக் கைவிட்ட மூங்கில், மீன் சிக்கியதும் விசுக்கென்று எழும் தூண்டிலைப் போல நிமிர்கிறது. பாடியவருக்கே மீனெறி தூண்டிலார் என்று பெயர் நிலைத்துவிட்டது. ஃப்ளை ஃபிஷிங் கோலையும் முன்பு மூங்கிலைப் பிளந்து ஒட்டித்தானே செய்தார்கள்? 'எறிதூண்டில்' என்று வையுங்கள். வினைத்தொகை, மூன்று காலத்துக்கும் பொருந்தும்.

வி.சா., போர்ட்லாந்து:

ஐயா, பாட்டு அருமை. ஆனால் எல்லாத் தூண்டிலையும்தான் எறிகிறோம். மற்றத் தூண்டிலில் ஈயக்குண்டோ உலோகத் தகடோ கனமாக இருக்கும். அது பறக்கும்போது மெல்லிய நைலான் நரம்பையும் இழுத்துக்கொண்டு போகும். இதில் அப்படியே தலைகீழ். கொக்கியில் கட்டிய இறகுக்கு எடையே கிடையாது என்று சொல்லலாம். கனமெல்லாம் நூலில் இருக்கிறது. கோலை முன்னும் பின்னும் வீசி நூலைப் பறக்கவிட்டால், அது இறகைக் கொண்டுபோய் நீரில் இறக்கும். ஹோ ஆற்றில் பல இடங்களில் மரங்கள் கரைவரை நெருங்கி நிற்கும், பின்னால் வீச இடமிருக்காது. அதனால் 12, 13 அடிக் கோலை இரு கைகளாலும் பிடித்து, நூலை நீர்மேலேயே சுருட்டிப் புரட்டி எறிவார்கள். ஸ்காட்லாந்தின் ஸ்பே ஆற்றில் பிறந்த முறை அது. வித்தையே நூலில் இருக்கும்போது பெயரிலும் நூல் இருக்க வேண்டாமா? 'நூலெறி தூண்டில்'.

ப.ஞா., டொராண்டோ:

நூலெறி என்றால் எங்கள் ஆட்களுக்கு விளங்காது அண்ணா. நூல் என்றதும் தையலும் புத்தகமும்தான் ஞாபகம் வரும். யாழ்ப்பாணத்தில் நைலோன் நரம்பைத் தங்கூசி என்கிறோம், கடற்கரையில் எல்லோருக்கும் தெரிந்த சொல். அதுபோல எளிமையாக வையுங்கோ. 'பூச்சித் தூண்டில்' போதும்.

ந.இ.:

தங்கூசி! தங்கு, ஊசி என்று பிரிக்கலாமா? மீன்வாயில் தங்கும் ஊசி, பிறகு ஆகுபெயராய் நரம்புக்கு வந்திருக்கலாம். சான்று தேட வேண்டும்.

பூச்சி மிகப் பொதுச்சொல். ஈயே வேண்டுமென்றால் 'ஈத்தூண்டில்'. ஈகார ஈற்றின் முன் வலி மிகும், தீச்சுடர் போல. அதைவிட ஈயல் இன்னும் பொருத்தம். புறநானூறு 119இல் 'செம்புற்று ஈயலின் இன்அளைப் புளித்து' என்று கபிலர் பாடுகிறார். அந்த ஈயல்தான் இன்றைய ஈசல். மழைக்குக் கூட்டமாய்க் கிளம்பிச் சீக்கிரம் மடிவது. இவர்கள் பார்த்துக் கட்டும் மேஃப்ளைப் பூச்சியும் அப்படித்தானே? 'ஈயல் தூண்டில்' என்றால் இரண்டாயிரம் ஆண்டுச் சொல் மறுபடி புழங்கும்.

ம.தே., உதகை:

ஐயா, ஈசல் கறையான் இனம், புற்றிலிருந்து வருவது. மேஃப்ளை நீரில் வளர்ந்து சிறகு முளைத்து வெளிவருவது. ஆயுள் ஒத்திருப்பதால் ஒன்றின் பெயரை மற்றதற்கு வைக்க முடியாது. தவிர ஸ்டீல்ஹெட்டுக்குக் கட்டுபவற்றில் பல எந்தப் பூச்சியையும் போல இருப்பதில்லை. இறால், மீன்முட்டை, அட்டை போலவும், வெறும் வண்ண இறகாகவும் கட்டுகிறார்கள். 'இறகுத் தூண்டில்' என்றால் என்ன?

பலருக்குத் தெரியாத ஒன்று: ஸ்டீல்ஹெட், கடலுக்குப் போய்த் திரும்பும் ரெயின்போ ட்ரவுட்தான். அதே இனம்தான் எங்கள் நீலகிரி ஓடைகளிலும் இருக்கிறது. வெள்ளைக்காரர்கள் அவலாஞ்சியில் குஞ்சு பொரிக்கவைத்துப் பரப்பியது. செ.கு., எல்வா ஆற்றை விட்டுவிடாதீர்கள். 2011 முதல் 2014 வரை அதன் இரண்டு அணைகளையும் பிரித்தெடுத்த பிறகு மீன் மறுபடி மேலே ஏறுகிறது. தூண்டில் எடுக்காமல் போய்ப் பார்க்கலாம்.

வி.சா.:

> 'இறகுத் தூண்டில்' என்றால் என்ன?

மான்மயிர், முயல்மயிர், செயற்கை இழை எல்லாவற்றிலும் கட்டுகிறோம் அம்மா.

கொ.ப., ஈரோடு:

பூச்சித் தூண்டிலை நான் கடுமையாக எதிர்க்கிறேன். எங்கள் பக்கம் மண்புழுவுக்கு நாக்குப்பூச்சி என்றுதான் பெயர். காவிரிக் கரைப் பையன்கள் தூண்டிலில் கோப்பதும் அதைத்தான். 'பூச்சித் தூண்டில் மட்டும்' என்று எழுதினால் எங்கள் ஊர்க்காரர் டப்பா நிறைய மண்புழுவோடு பூங்காவுக்குப் போய் நிற்பார். எது தடையோ அதையே அனுமதி என்று சொன்னதாகிவிடும்.

'பொய்' சேருங்கள். கையில் எடுத்துப்போவது இரை. அதுபோலச் செய்தது பொய்யிரை. இறகும் மயிரும் கட்டியது பொய்ப்பூச்சி. பொய்க்கால் குதிரையை ஊரே ஏற்றுக்கொண்டதே, இதற்கென்ன?

ப.ஞா.:

சரி, இது விளங்குது. சம்மதம்.

ம.தே.:

பூச்சியே இல்லாததைப் பூச்சி என்பது உறுத்துகிறது. ஆனால் ஆங்கிலத்திலும் அதே கதை. இரை, பொய்யிரை, பொய்ப்பூச்சி மூன்றும் சேர்ந்து நிற்பதால் ஒப்புக்கொள்கிறேன்.

செ.கு.:

நன்றி. நாளை அனுப்பியாக வேண்டும். 'பொய்ப்பூச்சித் தூண்டில்' என்று தலைப்பிட்டு, முதல் வரியில் ஃப்ளை ஃபிஷிங் என்றும் எழுதிவிடுகிறேன். உரிமப் பகுதியைத் தனிப் பெட்டியாகப் போடுகிறேன். பூங்காவுக்குள் ஆற்றில் பிடிக்க மாநில உரிமம் வேண்டாம். ஆனால் சால்மன், ஸ்டீல்ஹெட் பிடிப்பவருக்கு மாநிலத்தின் பிடிபதிவு அட்டை வேண்டும். அதே ஆறு பூங்கா எல்லையைத் தாண்டினால் மாநில உரிமமும் வேண்டும். பழங்குடி நிலத்துக்குள் போனால் அவர்கள் விதிதான். விதிகள் ஆண்டுதோறும் மாறுவதால் கிளம்பும் முன் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

வி.சா.:

என் மறுப்பையும் குறித்துக்கொள்ளுங்கள். பொய்ப்பூச்சியைச் சாதாரணத் தூண்டிலில் தக்கையோடு கட்டியும் மீன் பிடிக்கலாம். அது ஃப்ளை ஃபிஷிங் ஆகாது. 'பொய்ப்பூச்சி' கொக்கியில் இருக்கும் பொருளைச் சொல்கிறது, செய்யும் முறையைச் சொல்லவில்லை. ஸ்பே வீச்சைப் பற்றிய பத்தியிலாவது 'நூலெறி' வரட்டும்.

ந.இ.:

பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன். எறிதூண்டிலை விடவில்லை, அகராதிக் குழுவுக்குத் தனியாக எழுதுவேன். ஆமாம், 'எதிர்முள்' என்று முதல் மடலிலேயே எழுதிவிட்டீர்களே, அதை யாரும் கேட்கவில்லையா? முள் என்றாலே தூண்டில் கொக்கிதான் என்பவர்கள் உண்டு. அவர்களுக்கு 'எதிர்முள் இல்லாத கொக்கி' எப்படிப் புரியும்? கொக்கியின் உட்புறம் பின்னோக்கிச் செதுக்கிய அந்தச் சிறு கூருக்கு மீனவர்களிடம் ஒரு சொல் கட்டாயம் இருக்கும். நாகப்பட்டினத்தார் யாராவது குழுமத்தில் இருந்தால் இன்றே எழுதுங்கள்.