டைம் லூப் கதை (ஒரே நேரம் திரும்பத் திரும்ப வர்றது) காதுக்கு எடுபடுமா? (முடிவு உடைக்கப்படும், உஷார்)

மிளகாய்பஜ்ஜி:
டாக்டர் ஹூ (காலத்துல பயணம் பண்ற ‘டாக்டர்’ பத்தின பிரிட்டிஷ் டிவி தொடர்) ஒலி நாடகங்கள்ல ‘தி சைம்ஸ் ஆஃப் மிட்நைட்’டை இங்க ஆளாளுக்கு தலையில தூக்கி வெச்சு ஆடுறீங்களேன்னு நேத்து ராத்திரி நாலு பாகமும் கேட்டேன். வெளியிட்டது பிக் ஃபினிஷ்ங்கிற ஒலி நாடகக் கம்பெனி, 2002, எழுதினது ராபர்ட் ஷியர்மன். 1906 கிறிஸ்துமஸுக்கு முந்தின ராத்திரி, லண்டன்ல ஒரு பெரிய வீட்டோட வேலைக்காரங்க பகுதி. மணி அடிச்சா ஒரு சாவு. பன்னிரண்டு அடிச்சா செத்தவங்க எழுந்து பழையபடி வேலையப் பாக்குறாங்க. ஐடியா பிரமாதம், இல்லைங்கல. ஆனா சினிமான்னா அலாரம் அடிக்கிற ஒரு ஷாட் போதும், ‘மறுபடியுமா’ன்னு புரிஞ்சிடும். இங்க பேசினதையே திரும்பப் பேசிக் கேக்கணும். மூணாம் பாகத்துல கண்ணு சொக்கிடுச்சு.

ஹெட்போன்வாசி:
நீங்க தூங்கினதுக்கு ஷியர்மன் என்ன பண்ணுவார்? ஷாட்டோட வேலையை இங்க கடிகாரச் சத்தம் பாத்துக்குது. அப்புறம் அந்த பிளம் புட்டிங். அது இல்லாம கிறிஸ்துமஸ் கிறிஸ்துமஸாவே இருக்காதுன்னு ஒரு பேச்சு வந்துட்டே இருக்குமே. முதல் தடவை சிரிச்சேன். சமையக்காரம்மா தன் புட்டிங்காலயே மூச்சடைச்சு செத்தப்புறம் அதே பேச்சு காதுல விழுந்தப்போ வெங்காயம் நறுக்கிட்டு இருந்தேன், கத்தியைக் கீழ வெச்சுட்டேன். படத்துல திரும்ப வந்தா முகத்தைப் பாப்போம். இருட்டுல குரல் மட்டும் அப்படியே திரும்ப வந்தா அது வேற பயம்.

மிளகாய்பஜ்ஜி:
சரி, புட்டிங் உங்களுக்கு. முடிவுக்கு என்ன சொல்றீங்க? டாக்டர்கூட பயணம் பண்ற பொண்ணு சார்லி. அவளை டாக்டர் காப்பாத்தினது இதுக்கு முந்தின வருஷம், 2001ல வந்த கதை, ‘ஸ்டார்ம் வார்னிங்’. ஆர்101 ஆகாயக்கப்பல் 1930 அக்டோபர் 5 அன்னிக்கு பிரான்ஸ்ல போவே பக்கம் விழுந்து 54 பேர்ல 48 பேர் போனாங்க. அதுல சாகவேண்டியவ சார்லி. இது தெரியாதவன் கடைசி பாகத்துல பேந்தப் பேந்த முழிக்கணும். ரெண்டு மணி நேரம் துப்பறிய விட்டுட்டு, விடையை வேற பெட்டியில வெச்சுப் பூட்டினா எப்படி?

மூணாம்சுற்று:
குறுக்க வர்றேன். இந்த 1906 வீட்டு வேலைக்காரி ஈடித், பின்னால சார்லி வீட்டுல வேலை பாத்தவ. சார்லி போயிட்டான்னு கேள்விப்பட்டு உயிரை விட்டவ. சார்லியோ உயிரோட நிக்கிறா. அப்போ ஈடித் சாக காரணமே இல்லை. சாகணும், சாகவும் கூடாது. அந்த முடிச்சுலதான் வீடே மாட்டிக்குது. இவ்வளவையும் நாடகத்துலயே சொல்லிடறாங்க. பழைய கதை தெரிஞ்சா இன்னும் வலிக்கும், அவ்வளவுதான்.

லூப்பை விட எனக்குப் பெருசா பட்டது வேற. இந்த வீட்டுல ஈடித் பாத்திரம் தேய்க்கிற பொண்ணு. அந்தத் தொட்டித் தண்ணியிலயே மூழ்கிச் சாகுறா. கூட இருக்கறவங்க அவளை ஒரு பொருட்டாவே மதிக்கலை. தினமும் விடியறதுக்கு முன்ன எழுந்து அதே தட்டைத் தேய்க்கிறவளுக்கு நாள் திரும்ப வர்றது அதிசயமா என்ன? நமக்குத்தான் அது அறிவியல் புனைகதை.

மிளகாய்பஜ்ஜி:
இதை நான் யோசிக்கலை. ஆனா ‘நாடகத்துலயே சொல்லிடறாங்க’ங்கிறதுதான் என் புகாரே. கடைசியில டாக்டர் நின்னு நிதானமா விளக்கவுரை குடுக்கறார், அதுவரைக்கும் கட்டின பயம் பொசுக்குன்னு இறங்கிடுது. கேக்க மட்டுமே முடியற வடிவத்துல இந்தத் தொல்லை எப்பவும் உண்டு.

ஹெட்போன்வாசி:
எப்பவும் இல்லை. 2003ல அதே கம்பெனி ‘ஃபிளிப்-ஃபிளாப்’னு ஒண்ணு போட்டாங்க. ரெண்டு சிடி, ஒண்ணு வெள்ளை, ஒண்ணு கறுப்பு. எதுல வேணா ஆரம்பிக்கலாம். ஒண்ணு முடியற இடத்துல மத்தது தொடங்கும். யாரும் நின்னு விளக்கத் தேவையில்லை, சிடியை மாத்துற உங்க கையே லூப்பைச் சுத்தி விடுது. ஷியர்மன் அளவுக்கு மனசைப் பிசையாது, அதையும் சொல்லிடறேன்.

மிளகாய்பஜ்ஜி:
இது என் ரகம். எதை முதல்ல போடட்டும்?

மூணாம்சுற்று:
கறுப்பு. ராத்திரி வேண்டாம், பகல்ல கேளுங்க. மறுபடி தூங்கிட்டு வந்து இதே திரியை ஆரம்பிப்பீங்க.